தொண்ணூற்றாறை நூறாக்கினேன்

எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒரே ஒரு சாப்ட்வேர். பனியன் துணியில் வெட்ட வேண்டிய கை, கழுத்து, உடம்பு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து, துணி வீணாகாமல் நெருக்கி அடுக்கி, துணியின் அகலத்துக்கே நீளக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுக்கும் சாப்ட்வேர். அந்தக் காகிதத்துக்கு மார்க்கர் என்று பெயர். அதைத் துணி அடுக்கின் மேல் விரித்து, கோட்டின் மேலேயே வெட்டும் கத்தியை ஓட்டுவார்கள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருப்பூர் வந்து, ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்து முதுகைக் கெடுத்துக்கொண்டு, அழாத குறையாகக் கெஞ்சி இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். பதினாறு வருடம் அந்த ஒரு சாப்ட்வேரையே கட்டிக்கொண்டு இருந்தேன். அதற்குள் புதிது புதிதாக எத்தனையோ வந்துவிட்டன. அவற்றைப் படித்து வந்த பெண்களுக்கு என் வயதில் பாதி, சம்பளத்திலும் பாதி. அந்த சாப்ட்வேர் நின்றால் நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இது எனக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

வினை பக்கத்துக் கம்பெனியிலிருந்து வந்தது. அங்கே திருட்டு விண்டோஸ் வைத்திருக்கிறார்கள் என்று வக்கீல் நோட்டீஸ் வந்ததாம். வந்ததா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. ஆனால் அந்த வாரமே எங்கள் தெருவில் இருந்த அத்தனை கம்பெனிக்கும் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. எங்கள் முதலாளியின் மகனை எல்லோரும் சின்னவர் என்போம். அப்போதுதான் படித்து முடித்து வந்து அப்பாவின் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார். "விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுக்கலாங்க, ஓசி" என்று சொல்லிவிட்டார். மறுநாள் சர்வீஸ்காரர் வந்து ஆபீசில் இருந்த ஒன்பது கம்ப்யூட்டரையும் துடைத்து லினக்ஸ் போட்டுவிட்டுப் போனார். அதில் என்னுடையதும் ஒன்று. நான் அன்றைக்கு மகளின் கல்லூரிக்குப் போயிருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இத்தனைக்கும் என் சாப்ட்வேர் திருட்டுச் சரக்கு இல்லை. நல்ல காலத்தில் முதலாளி காசு கொடுத்து வாங்கியது. அதை ஓட்ட விரல் நீளத்தில் டாங்கிள் என்று ஒரு சாவி உண்டு, அதைச் செருகினால்தான் திறக்கும். சாவி இருந்தது, சாப்ட்வேர் சிடி இருந்தது, அது குடியிருந்த விண்டோஸ்தான் இல்லை. அதைச் செய்த கம்பெனிக்குப் போன் போட்டால், அந்தப் பதிப்பை நிறுத்தி வெகுநாள் ஆகிவிட்டது என்றார்கள்.

சின்னவரிடம் போய்ச் சொன்னேன். அவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"அது ஓடலீன்னா ஒண்ணும் கவலையில்லீங்க மேடம். மார்க்கர் வேலைய வெளிய குடுத்துக்கலாங்க. உங்களுக்கு வேற எதாச்சும் பாக்கலாங்க."

இந்த ஊரில் ஆளை வேலையை விட்டு அனுப்பும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் அனுப்புவார்கள். 'வேற எதாச்சும்' என்றால் பேக்கிங்கில் ஸ்டிக்கர் ஒட்டுவது. அதுவும் ஒரு மாதம், பிறகு அதுவும் இல்லை. வீட்டில் கணவர் சாயப்பட்டறை வேலை போய் மூன்றாவது வருடமாக டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "ஓட வைக்கிறேன் சார், பத்து நாள் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

விண்டோஸ் இல்லாமலே விண்டோஸ் சாப்ட்வேரை ஓட வைக்க ஒரு புரோகிராம் இருக்கிறது என்று போனில் தேடிக் கண்டுபிடித்தேன். சாப்ட்வேர் விண்டோஸிடம் கேட்பதையெல்லாம் இது நடுவில் நின்று வாங்கிக்கொள்ளும். லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி கேட்டு, வந்த பதிலை விண்டோஸ் சொன்ன மாதிரியே திருப்பிக் கொடுக்கும். தான் வேறு வீட்டில் இருக்கிறோம் என்பதே சாப்ட்வேருக்குத் தெரியாது. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. முதல் நாலு நாள் அது திறக்கவே இல்லை. பிறகு திறந்து உடனே மூடிக்கொண்டது. பிறகு சாவியைக் காணோம் என்றது, சாவி அதன் மூக்குக்குக் கீழேயே செருகியிருந்தது. எந்த நாட்டுக்காரனோ எப்போதோ இணையத்தில் எழுதி வைத்திருந்த பதினைந்து வரியை எழுத்துக்கூட்டி அடித்த பிறகுதான் சாவியைக் கண்டுகொண்டது. ஒன்பதாம் நாள் மத்தியானம் என் சாப்ட்வேர் லினக்ஸில் திறந்தது. என் அறையில் யாருமில்லை. நான் வாய்விட்டு அழுதேன்.

முதல் வேலையாக ஐம்பது சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை வரைந்து அச்சடித்து அளந்து பார்த்தேன். அச்சு மிஷினில் எதைத் தொட்டாலும் இந்தச் சதுரத்தை எடுத்து அளக்காமல் மார்க்கர் எடுக்கக்கூடாது என்பது எங்கள் வேலையில் பாலபாடம். சரியாக ஐம்பது வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் சின்னவர் பார்க்க வருவதாகச் சொன்னார். திரையில் மெனு எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பாதி வெட்டுப்பட்டு அசிங்கமாக இருந்தன. அவர் வந்து பார்த்து 'என்ன மேடம் இப்படி இருக்குது' என்று கேட்டுவிடக் கூடாதே என்று, அந்த நடு புரோகிராமின் செட்டிங்கில் தேடினேன். திரைக்கு ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று ஓர் எண் இருந்தது. தொண்ணூற்றாறு. அதை நூறாக்கினேன். எழுத்துகள் பதவிசாக இடத்தில் உட்கார்ந்துகொண்டன. சின்னவர் வந்தார், பார்த்தார், "சூப்பருங்க மேடம்" என்றார். கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் என் போட்டோவைக்கூடப் போட்டார். மறுபடி ஒரு சதுரம் எடுத்து அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எழுத்துக்காக மாற்றிய எண் மார்க்கரில் போய் உட்காரும் என்று நான் நினைக்கவில்லை.

அந்த வாரம் வெட்டப்போனது ஆண்களின் டி-ஷர்ட். தைத்து முடித்த பிறகு மொத்தமாகத் துவைத்து, உலர்த்தித்தான் பெட்டியில் போட வேண்டும் என்று வாங்குகிற கம்பெனி கேட்டிருந்தது. துவைத்தால் பனியன் துணி சுருங்கும். அதனால் துணியை முன்கூட்டியே துவைத்துப் பார்த்து, எத்தனை சுருங்குகிறதோ அத்தனை கூட்டி வெட்டுவோம். இதைத்தான் ஷ்ரிங்கேஜ் கொடுப்பது என்போம். அந்தத் துணி நூற்றுக்கு நாலு சுருங்கியது. நானும் கம்ப்யூட்டரில் நாலு கூட்டிக் கொடுத்தேன். தொண்ணூற்றாறை நூறாக்கியதில் காகிதம் நூற்றுக்கு நாலு குறைந்து வந்துகொண்டிருந்தது. நான் கூட்டியதை அது கழித்துவிட்டது. எட்டு குறைந்திருந்தால் குருடன்கூடக் கண்டுபிடித்திருப்பான். இது, வாங்குகிற கம்பெனி கொடுத்த அளவுத் தாளில் நெஞ்சுக்குப் போட்டிருந்த ஐம்பத்திரண்டு சென்டிமீட்டரோடு அச்சு அசலாகப் பொருந்திப் போய்விட்டது.

எங்கள் கட்டிங் மாஸ்டர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், காங்கேயம் பக்கத்துக்காரர். கழுத்தில் இன்ச் டேப் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. புது ஸ்டைல் வந்தால், யார் என்ன சொன்னாலும், மார்க்கரைத் தானே ஒருமுறை அளந்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெட்டுவார். அன்றைக்கும் அளந்துவிட்டு, மாடியில் என் அறைக்கு வந்தார். என் நேரம், அப்போது சின்னவரும் அங்கேயே இருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, இதுக்கு ஷ்ரிங்கேஜ் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"குடுத்தாச்சு மாஸ்டர். நாலு."

"இல்லீங்க, நான் அளந்தா அம்பத்திரண்டுதான் வருதுங்க. தையலுக்கு உட்டது போக நெஞ்சு அம்பத்தி நாலு வரோணுமில்லீங்க. ஷீட்டுல இருக்கறதேதான் பேப்பர்லயும் இருக்குதாட்டம்."

நான் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினேன். திரையில் ஐம்பத்து நாலு என்றுதான் இருந்தது. அவர் குனிந்து பார்த்தார். திரையைப் பார்த்தார், கையில் இருந்த நோட்டைப் பார்த்தார்.

"ஸ்க்ரீன்ல இருக்குதுங்க. பேப்பர்ல இல்லீங்களே" என்றார்.

எழுந்துபோய் ஒரு சதுரம் எடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். ஆனால் பக்கத்தில் சின்னவர். ஒன்பது நாள் உயிரைக் கொடுத்து ஓட வைத்ததை, சூப்பர் என்று சொல்லி இரண்டு நாள்கூட ஆகாததை, அவர் எதிரிலேயே ஒருவர் வந்து குறை சொல்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. துணி டேப் பழசானால் இழுபட்டு நீளும். நீண்ட டேப்பில் அளந்தால் அளவு குறைவாகக் காட்டும். தையல் வேலையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

"மாஸ்டர், உங்க கழுத்துல கிடக்கே, அது நீங்க வேலைக்குச் சேர்ந்தப்ப வாங்கினதா? நீண்டு போய் கால் வரைக்கும் வந்துட்டு. முதல்ல அத மாத்துங்க, பிறகு என் மார்க்கர மாத்தலாம்" என்றேன்.

சின்னவர் பலமாகச் சிரித்தார். மாஸ்டரும் லேசாகச் சிரித்தார். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதுவரை என்னை அம்மிணி என்று அழைத்துக்கொண்டிருந்தவர் அப்போதுதான் மேடம் என்றார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. மறுநாள் காலையில் வெட்டினார்.

முதல் லாட் துவைத்து வந்த அன்று, செக்கிங்கில் இருந்த பெண்கள்தான் கண்டுபிடித்தார்கள். ஐம்பத்திரண்டு இருக்க வேண்டிய நெஞ்சு ஐம்பது இருந்தது. ஒன்று இரண்டு இல்லை, எடுத்துப் போட்டதெல்லாம் ஐம்பது. கீழே சத்தம் கேட்டது. கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சதுரத்தை எடுத்தேன். ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வந்தது. எந்த எண் என்று யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. செட்டிங்கைத் திறந்து நூறை மறுபடி தொண்ணூற்றாறு ஆக்கினேன். சதுரத்தைக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கீழே போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். சொல்லும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை.

முதலாளி மேலே வந்து, "அதே மார்க்கர இன்னொருக்கா எடுங்க" என்றார். எடுத்தேன். மேஜையில் விரித்தோம். மாஸ்டரையும் கூப்பிட்டிருந்தார்கள். வெட்டிய பழைய காகிதம் துணியோடு துண்டு துண்டாகிக் குப்பைக்குப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. மாஸ்டர் கழுத்திலிருந்து டேப்பை எடுத்துக் குனிந்தார்.

"உங்க டேப் வேண்டாங்க" என்று சின்னவர் தடுத்துவிட்டு, ஸ்டீல் டேப்பால் தானே அளந்தார். ஐம்பத்து நாலு. "பேப்பர் சரியாத்தான் இருக்குதுங்க. அப்ப வெட்டுனதுலதான் தப்பு" என்றார்.

மாஸ்டர் காகிதத்தையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது அந்தப் பேப்பர் இல்லீங்க" என்றார். "நான் அன்னைக்கு மேல வந்து கேட்டனுங்க. மேடத்தக் கேளுங்க."

நான் வாயைத் திறக்கும் முன்பே சின்னவர் பேசினார். "கேட்டீங்க, சரி. மேடம் என்ன சொன்னாங்க? டேப் சரியில்ல, மாத்துங்கன்னு சொன்னாங்களா இல்லீங்களா? நானும்தான இருந்தேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "அப்படிச் சொன்னீங்களாங்க?"

நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். அந்த டேப்பை ஸ்டீல் டேப்போடு சேர்த்து வைத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. யாருக்கும் அந்த அரை நிமிடம் தேவைப்படவில்லை. லினக்ஸ் என்று ஆரம்பித்தவருக்கு நிச்சயமாகத் தேவைப்படவில்லை. மாஸ்டரின் நோட்டில் ஐம்பத்திரண்டு என்று அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. குறை தெரிந்தும் வெட்டினார் என்றாகிவிட்டது. நேர்மையாக எழுதி வைத்தது அவரையே காட்டிக்கொடுத்தது.

வாங்குகிற கம்பெனி, தவறு எங்கே நடந்தது, இனி என்ன செய்வீர்கள் என்று எழுத்தில் கேட்டது. ஆபீசில் இங்கிலீஷ் கொஞ்சம் ஒழுங்காக டைப் செய்கிறவள் நான் என்பதால் அதை என்னிடமே கொடுத்தார்கள். காரணம்: கட்டிங் பிரிவில் பழைய அளவு டேப் பயன்படுத்தப்பட்டது. நடவடிக்கை: எல்லா டேப்பும் மாற்றப்பட்டன. பொறுப்பானவர் நீக்கப்பட்டார். ஒருவரைச் சீண்டுவதற்காக நான் வாய்க்கு வந்தபடி அடித்துவிட்ட வார்த்தை, கம்பெனி முத்திரையோடு வெளிநாட்டுக்குப் போனது. பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை படித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன்.

மாஸ்டரையும் 'ங்க' போட்டுத்தான் அனுப்பினார்கள். கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க என்றார்கள். பத்தொன்பது வருட வேலை. போகும்போது மேலே வரவில்லை. நான் ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் எனக்கு ஏசி அறையும் சுழல் நாற்காலியும் வந்தன. சாப்ட்வேர் இன்றுவரை லினக்ஸில் பிசகில்லாமல் ஓடுகிறது. மற்ற கம்பெனிக்காரர்கள்கூட வந்து, எப்படி ஓட வைத்தீர்கள் என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு நான் காகிதத்தில் எழுதிக்கொடுப்பேன். அந்த எண்ணைத் தொடாதீர்கள் என்று கடைசியில் ஒரு வரி எழுதுவேன். ஏன் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுவீட்டுக்குப் போகிற ஒருவருக்குப் பரிசாகக் குத்துவிளக்கு வாங்க அனுப்பர்பாளையம் போனேன். பாத்திரக் கடைகளைத் தாண்டி ஒரு சந்தில், பாதி ஷட்டர் போட்ட சின்ன யூனிட் ஒன்றில் அவர் நின்று வெட்டிக்கொண்டிருந்தார். கடைகளில் கிலோக் கணக்கில் வாங்கி வந்த கழிவுத் துணி. அதில் குழந்தைகளுக்கு ஜட்டி வெட்டுகிற வேலை. நான் அப்படியே திரும்பியிருப்பேன். அவர் பார்த்துவிட்டார்.

"வாங்கம்மிணி, வாங்க. ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?" என்றார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். எதிர்க் கடையில் டீ சொன்னார்.

டீ வருவதற்குள் சொல்லிவிட்டேன். எழுத்துக்காக எண்ணை மாற்றியது, சதுரத்தை அளக்காமல் விட்டது, மறுபடி மாற்றிவிட்டு அந்த மார்க்கரை எடுத்தது, எல்லாவற்றையும் குனிந்த தலை நிமிராமல் சொன்னேன். "நான் நாளைக்கே முதலாளிகிட்ட சொல்லுதேன் மாஸ்டர்" என்றும் சொன்னேன். அவர் வேண்டாம் என்று சொல்லவேண்டும் என்பதற்காகத்தான் அதைச் சொன்னேன். அவரும் அப்படியே சொன்னார்.

"இனி சொல்லி என்ன ஆகுதுங்க. உங்க பொழப்பையும் கெடுத்துக்கோணுமா? புள்ள வேற படிக்குது. எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க."

"எப்படி?"

"நீங்க சொன்ன அன்னைக்கே சாயங்காலம் கடைக்குப் போயி புது டேப் வாங்கியாந்து அளந்தனுங்க. அதுலயும் அம்பத்திரண்டுதான். செரி, டேப்புல ஒண்ணுமில்ல, பேப்பர்லதான் கோளாறுன்னு தெரிஞ்சு போச்சு."

எனக்குக் கோபம் வந்தது. அந்த இடத்திலும் எனக்குக் கோபம்தான் வந்தது. "தெரிஞ்சும் ஏன் மாஸ்டர் வெட்டினீங்க? மறுபடி மேல வந்து சொல்லியிருக்கலாம்ல?"

அவர் கையிலிருந்த துணித் துண்டை நீவி மேஜையில் வைத்தார்.

"வந்தனுங்க. புது டேப்ப எடுத்துக்கிட்டு மாடிப்படி முக்கால்வாசி ஏறிட்டேன். உள்ள நீங்களும் சின்னவரும் சிரிக்கற சத்தம் கேட்டுதுங்க. என்னைய நெனச்சுத்தான் சிரிக்கறாங்கன்னு எனக்கு ஒரு இது. அதுக்கு மேல ஏற மனசு வல்லீங்க. அப்படியே எறங்கிட்டேன். கம்ப்யூட்டர் சொன்னாப்பல ஆகட்டும், நமக்கென்னன்னு ஒரு வீம்புங்க."

டீ வந்தது. அவர் என் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க வேற எதுக்காச்சும் சிரிச்சிருப்பீங்க. இல்லீங்களா அம்மிணி?"

அன்றைக்குச் சாயங்காலம் சின்னவர் ஃபைல் கட்டும் நாடா ஒன்றைக் கழுத்தில் போட்டு, முதுகைக் கூன் போட்டு, "ஸ்க்ரீன்ல இருக்குதுங்க, பேப்பர்ல இல்லீங்களே" என்று மாஸ்டரைப் போலவே அறையைச் சுற்றி நடந்து காட்டினார். இன்னொரு தடவை செய்யுங்க சார் என்று கேட்டவள் நான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.

"ஆமா மாஸ்டர்" என்றேன். "அது வேற எதுக்கோ."